இர்மா பினேதா: எந்தப் பக்கம் மூலம்?

2 பிப்ரவரி 2024

வாசகர் ஒருவர் எழுதியிருந்தது: "மெக்சிகோவின் சபோதெக் கவிஞர்கள் புத்தகத்தை இரண்டு மொழியில் போடுகிறார்கள். ஒரு பக்கம் சபோதெக், எதிர்ப்பக்கம் ஸ்பானிஷ். கவிதை உண்மையில் ஸ்பானிஷில்தான் எழுதப்படுகிறது, சபோதெக் பக்கம் வெறும் அலங்காரம் என்பது என் சந்தேகம். அந்த மொழியைப் பேசுகிறவர்களிலேயே பலருக்கு அதை வாசிக்கத் தெரியாதாம். அப்படியானால் அந்தப் பக்கம் யாருக்கு? இர்மா பினேதாவைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

2 பிப்ரவரி, இரவு

படித்திருக்கிறேன். அலங்காரம் இல்லை.

பினேதா தன் கவிதைகளைக் கண்ணாடிக் கவிதைகள் என்கிறார். ஒரு மொழியில் எழுதி முடித்து, அப்புறம் உட்கார்ந்து இன்னொன்றில் பெயர்ப்பது அவர் வழி இல்லை. இரண்டும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பார்த்தபடி உருவாகின்றன. மூலம் எது என்று தேடினால் இரண்டு கிடைக்கும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

3 பிப்ரவரி

முதலில் ஆளைப் பற்றி. இர்மா பினேதா சாந்தியாகோ 1974இல் ஹுச்சித்தானில் பிறந்தவர். மெக்சிகோவின் தெற்கே வஹாக்கா மாநிலத்தில், தெவாந்தெபெக் பூசந்தியில் இருக்கும் ஊர். நாடே இடுப்பு ஒடுங்கி நிற்கும் இடம் அது. வடக்கே மெக்சிகோ வளைகுடாவுக்கும் தெற்கே பசிபிக்குக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். ஊரின் மொழி தீஜஸா. வெளியார் அதை பூசந்தி சபோதெக் என்பார்கள்.

'சபோதெக்' என்று சொல்லும்போது ஒரு மொழியை நினைத்துவிட வேண்டாம். அது ஒரு குடும்பம். மலைப்பகுதி சபோதெக்காரர் பேசுவது பூசந்திக்காரருக்குப் புரியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வகைகளையும் சேர்த்துச் சுமார் 4.9 லட்சம் பேர். அதற்குள் எழுத்து மரபு அதிகம் சேர்ந்திருப்பது பூசந்தி வகையில்தான். அதற்கு ஹுச்சித்தான் ஒரு பெரிய காரணம்.

பினேதாவின் முக்கியமான நூல்களைத் தமிழில் பொருள் சொல்லி எழுதுகிறேன்: 'இரவின் வயிற்றில்' (2005), 'கடலின் ஏக்கங்கள்' (2006), 'ஏக்கம் ஆற்றுநீர் போல ஓடிப்போவதில்லை' (2007), 'தொப்புள்கொடி வீட்டிலிருந்து ஒன்பது சாண் வரை' (2008), 'கொண்டுபோன பூ' (2013), 'என் இதயம் இரண்டு' (2018). எல்லாமே இருமொழி நூல்கள். மெக்சிகோவில் பூர்வகுடி மொழிகளில் எழுதுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 2020 முதல் 2022 வரை ஐ.நா.வின் பூர்வகுடிகள் விவகார நிரந்தர மன்றத்தில் உறுப்பினர். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துகிறவரும்கூட.

ஒன்பது சாண் என்றால் புதைகுழியின் ஆழம். அங்கே குழந்தை பிறந்ததும் கொடியை மண்பானையில் போட்டு வீட்டு முற்றத்தில் புதைப்பது வழக்கம். முற்றத்து மண்ணில் தொடங்கி இடுகாட்டு மண்ணில் முடிகிற ஒரு வாழ்க்கை, ஒரே தலைப்புக்குள்.

10 பிப்ரவரி

நான் எப்படி அங்கே போனேன் என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றாலைப் பராமரிப்பு வேலை. லா வென்தோசா ஹுச்சித்தானை ஒட்டிய ஊர். வளைகுடாப் பக்கத்துக் காற்று மலைத்தொடரில் இருக்கும் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து அதன் வழியாகத் தெற்கே பாயும். குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் போகும் லாரி கவிழ்ந்துவிடும், அவ்வளவு வேகம். மெக்சிகோவின் முதல் காற்றாலைப் பண்ணையே பக்கத்தில் லா வென்தாவில், 1994இல் வந்ததுதான்.

அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் கோபுரத்தின் மேல் இருந்து பார்த்த நிலம் வெறும் நிலம் இல்லை. அது யாருக்குச் சொந்தம், யாரைக் கேட்டுக் குத்தகைக்கு விடப்பட்டது என்று ஊரில் சண்டை ஓயாமல் நடந்தது. வேலைக்கு வந்த எங்களுக்கு அது பற்றி யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. எனக்கு அந்த நிலத்தின் கதை பினேதாவின் கவிதைகள் வழியாகத்தான் வந்தது. அதை ஜூலையில் எழுதுகிறேன். ஏன் ஜூலை என்பது அப்போது புரியும்.

11 பிப்ரவரி

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: தொத்தோப்போ. மண்ணில் புதைத்த பானை அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் மக்காச்சோள ரொட்டி. துளை துளையாக, மொறுமொறுப்பாக, நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். ஹுச்சித்தான் சந்தையில் விற்பதெல்லாம் பெண்கள். விலை பேசுவது தீஜஸாவில். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்கு வருவார்கள், நான் நகர்ந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். நான் ஒரு மொழியை அங்கே பேசவிடாமல் நிறுத்துகிறேன் என்பது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

24 பிப்ரவரி

"பேசுகிறவர்களுக்கே வாசிக்கத் தெரியாது." கேள்வியின் இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அது பெருமளவு உண்மை. பள்ளிக்கூடம் ஸ்பானிஷில் நடந்தது. வகுப்பில் தாய்மொழி பேசினால் தண்டனை என்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. வீட்டில் வாய் நிறைய தீஜஸா, கையெழுத்து முழுக்க ஸ்பானிஷ். அப்படி வளர்ந்தவர்கள் முன்னால் தீஜஸா அச்சில் வந்தால் முதலில் திகைக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் அதிலிருந்து "ஆகவே அந்தப் பக்கம் வீண்" என்ற முடிவுக்கு எப்படிப் போவது? நான் தங்கியிருந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வஹாக்கா நகரில் வாங்கிய 2007 நூலை நான் மேசைமேல் வைத்திருந்தேன். அது எதைப் பற்றி என்று கேட்டார். பிழைப்புக்காகக் காகிதம் இல்லாமல் அமெரிக்காவுக்குப் போன ஒருவர், ஊரில் காத்திருக்கும் துணை, இந்த இருவரின் குரல்கள் என்று சொன்னேன். அவருடைய மகனும் வடக்கேதான் இருந்தான். "படி" என்றார். ஸ்பானிஷ் பக்கத்தைப் படித்தேன். தலையசைத்துக் கேட்டார், பள்ளிக்கூட விழாவில் யாரோ பேசுவதைக் கேட்பது மாதிரி.

அப்புறம் பேத்தியைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் நடுநிலைப்பள்ளியில் படிக்கிறாள், ஸ்பானிஷ் எழுத்து தெரியும், தீஜஸா காதில் உண்டு, வாயில் கொஞ்சம். எழுத்துக்கூட்டிப் படித்தாள். தீஜஸா எழுத்தில் உயிரெழுத்துக்குப் பின்னால் ஒரு மேற்புள்ளிக் குறி வரும். அங்கே தொண்டை சட்டென்று அடைபட வேண்டும். விட்டால் சொல் வேறாகிவிடும். பேத்தி அதையெல்லாம் விட்டுவிட்டுப் போனாள். பாட்டி ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தித் திருத்தினார். எழுத்து தெரிந்தவள் ஒருத்தி, மொழி தெரிந்தவர் ஒருவர். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு வாசகர். ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆனது. முடிந்ததும் அந்த அம்மா கவிதையோடு சண்டைக்குப் போனார். "அவன் அப்படிச் சொல்ல மாட்டான். அங்கே போனவர்கள் போனில் நல்லாயிருக்கேன் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை." ஸ்பானிஷ் பக்கத்தைக் கேட்டபோது அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்த மொழியில் வந்தவுடன் அது அவருக்கு யாரோ ஒரு ஆள் பேசுவதாக ஆகிவிட்டது, பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

யாருக்கு அந்தப் பக்கம் என்றால், இவர்களுக்கு.

25 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து படித்ததை நான் ஏதோ திருவிழா போல எழுதிவிட்டால் அது முழு உண்மை ஆகாது. அந்தப் பெண் பாதியில் எழுந்து போகப் பார்த்தாள். அவளுக்குச் சலிப்பு, கொஞ்சம் கூச்சம். பள்ளிக்கூடம் கற்றுத் தராததை ஒரு வீட்டு மேசை ஈடுகட்டிவிடாது. புத்தகம் இருக்கிறது என்பதாலேயே மொழி பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

9 மார்ச்

எழுத்துமுறை எப்போது வந்தது என்ற கேள்விக்கு. 1956இல் மெக்சிகோ நகரில் கூடி பூசந்தி சபோதெக்குக்கான பொது எழுத்துமுறையை ஒப்புக்கொண்டார்கள். இன்றும் பெரும்பாலும் அதுதான். அதற்கு முன்பே, 1935 முதல் 1937 வரை, தலைநகரில் படித்துக்கொண்டிருந்த ஹுச்சித்தான் மாணவர்கள் 'நேஸா' என்ற இதழை நடத்தினார்கள். 1972இல் ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ முன்னின்று ஊரில் பண்பாட்டு இல்லம் திறந்தார். 1975இல் 'குச்சாச்சி ரேஸா' இதழ் தொடங்கியது. 1981இல் கொசேய் என்ற உழவர், தொழிலாளர், மாணவர் கூட்டணி நகராட்சித் தேர்தலில் வென்றது. ஆளுங்கட்சி அல்லாத இடதுசாரிகள் கையில் ஒரு மெக்சிகோ நகராட்சி வருவது அன்றைக்குப் பெரிய செய்தி. 1983இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நிர்வாகத்தைக் கலைத்தது. கவிதை, ஓவியம், நிலப் போராட்டம், நகராட்சி எல்லாம் அந்த ஊரில் அதே ஆட்களின் கையில் இருந்தன. பினேதா வளர்ந்தது அதற்குள்.

16 மார்ச்

"சபோதெக் கவிதை என்றால் அழியும் மொழிக்கான ஒப்பாரிதானே" என்று ஒருவர். இல்லை. காப்ரியேல் லோபெஸ் சீன்யாஸ் (1911–1983) தன் மொழியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கவிதையின் சாரமே, சூரியன் சாகிற நாளில்தான் இதுவும் சாகும் என்பது. ஒப்பாரி வைக்கிறவர் இப்படிச் சவால் விட மாட்டார். பினேதாவிடம் காமம் இருக்கிறது, கடல் இருக்கிறது, கோபம் இருக்கிறது. 2018இல் வந்த ஒரு தொகுப்பின் பெயரே 'சிவந்த ஆசை'. மொழி அழிகிறதா என்று கேட்டுக்கொண்டே படித்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

30 மார்ச்

இதுதான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய குறிப்பு. இரண்டு பக்கமும் வெவ்வேறு கவிதை என்பதற்கு இலக்கணத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு அதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும்.

ஸ்பானிஷில் தன்மைப் பன்மை ஒன்றுதான்: நோசோத்ரோஸ். தீஜஸாவில் இரண்டு. 'லானு' என்றால் கேட்கிறவரையும் சேர்த்து நாம். 'லாது' என்றால் அவரை விட்டுவிட்டு நாங்கள். நமக்கு இது பழகிய விஷயம். நாம், நாங்கள் இல்லாமல் தமிழில் ஒரு மேடைப்பேச்சே எழுத முடியாது. ஸ்பானிஷ் கவிதையில் "நோசோத்ரோஸ்" வரும் ஒவ்வொரு இடத்திலும் வாசகர் உள்ளேயா வெளியேயா என்பது திறந்தே கிடக்கும். தீஜஸா பக்கம் அதை முடிவு செய்தாக வேண்டும். பூர்வகுடிக் கவிஞர் ஒருவர் வெளியாருக்கும் சேர்த்து எழுதும்போது இதைவிடப் பெரிய முடிவு எது?

விக்தோர் தெ லா க்ரூஸ் (1948–2015) பினேதாவுக்கு முந்தைய தலைமுறையின் பெரிய கவிஞர். அவருடைய புகழ்பெற்ற கவிதை நாம் யார், நம் பெயர் என்ன என்று கேட்கிறது. மூலத்தில் இருப்பது 'லானு'. கேட்கிறவரையும் இழுத்துக்கொண்ட கேள்வி. அவர் தன் ஊர்க்காரரின் தோளில் கைபோட்டுக் கேட்கிறார். ஸ்பானிஷில் படிக்கும் மெக்சிகோ நகரத்து வாசகர் அதே கேள்வியை யாரோ ஒரு கூட்டம் தங்களைப் பற்றிக் கேட்டுக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். வரிகள் அதேதான், ஆனால் ஆள் மாறிவிட்டார்.

31 மார்ச்

தொடர்ச்சி. படர்க்கையிலும் இப்படித்தான். தீஜஸாவில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. மனிதருக்கு ஒன்று (பே), விலங்குக்கு ஒன்று (மே), பொருளுக்கு ஒன்று (நி). உயர்திணை அஃறிணை படித்து வளர்ந்த நமக்கு இதிலும் அதிர்ச்சி இல்லை. ஸ்பானிஷிலோ பால் இல்லாமல் பல பெயரடைகள் நகராது. 2007 நூலின் இரண்டு குரல்களை நினைத்துப் பாருங்கள். போனவரும் காத்திருப்பவரும் ஆணா பெண்ணா என்று தீஜஸா கேட்பதே இல்லை. ஸ்பானிஷ் ஒவ்வொரு அடியிலும் கேட்கும், சொல்லாமல் போக வேண்டுமானால் சுற்றித்தான் போக வேண்டும்.

ஸ்பானிஷ் பக்கம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. பினேதாவின் ஸ்பானிஷ் வரிகள் தங்கள் சொந்த ஓசையில் நிற்கின்றன. அந்த மொழியும் அவருடையதுதான். பள்ளிக்கூடம் திணித்தது என்பதால் அவர் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. எடுத்து வேலை வாங்குகிறார்.

13 ஏப்ரல்

நத்தாலியா தொலேதோவையும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஓவியர் தொலேதோவின் மகள், ஹுச்சித்தானில் பிறந்தவர். 2004இல் நெசவால்கோயோத்ல் விருது பெற்றார். பூர்வகுடி மொழி இலக்கியத்துக்கு மெக்சிகோவில் தரப்படும் பெரிய விருது. அதன்பின் மத்திய கலாசார அமைச்சகத்தில் துணைச் செயலாளராகவும் இருந்தார். நகை வடிவமைக்கிறார், சமைக்கிறார், அதெல்லாம் கவிதைக்குள்ளும் வருகிறது. அவரைப் படித்தால் குழந்தைப்பருவத்து முற்றத்தின் மணம் வரும்: பூ, மீன், மண்பானை. பினேதாவைப் படிக்கும்போது அதே முற்றத்தில் யாரோ ஒருவர் இல்லாமல் இருப்பது தெரியும். எனக்கு இருவரும் வேண்டும். ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் பினேதா.

விக்தோர் தெரான் (1958இல் பிறந்தவர்) எழுதிய வடகாற்றுக் கவிதையையும் தேடிப் படியுங்கள். கோபுரத்தின் உச்சியில் அந்தக் காற்றில் நின்றவன் சொல்கிறேன், மிகை ஒன்றும் இல்லை.

14 ஏப்ரல்

பூ என்றதும் நினைவுக்கு வந்தது. மே மாதம் அங்கே வேலா எனும் இரவு விழாக்கள். பெண்கள் பெரிய பெரிய பூக்கள் தைத்த வெல்வெட் சட்டை உடுத்தி வருவார்கள். கியேச்சாச்சி என்றொரு பூவைக் கோத்து மாலையாக்குவார்கள். அருகில் போய்ப் பார்த்தால் நம் கோயில் வாசலில் நிற்கிற ஈழத்தலரி. அந்த மரத்தின் பூர்வீகமே மெக்சிகோப் பக்கம்தான். பினேதாவின் கவிதையில் பூ வரும்போது தமிழ்நாட்டு மல்லிகையை நினைக்காமல் இதை நினையுங்கள். பால் வடியும் கிளை, கெட்டியான இதழ்.

1 ஜூன்

"அரசியல் அதிகம் உள்ள கவிஞர்" என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அதற்குள் 2013 நூலின் தலைப்பை மட்டும் பாருங்கள். ஸ்பானிஷ் தலைப்பில் பூவைக் கொண்டுபோனது யார், எது என்பது திறந்திருக்கிறது. காற்றாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம். தீஜஸா தலைப்பு 'கியே நி சினேபே'. கடைசியில் அந்த 'பே' இருக்கிறது. கொண்டுபோனது ஒரு மனிதர்.

11 ஜூலை

1978ஆம் ஆண்டு இதே நாளில் ஹுச்சித்தான் தெருவில் விக்தோர் பினேதா எனெஸ்த்ரோசாவை ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் அவர் பெயர் விக்தோர் யோதோ. ஆசிரியர், பொது நிலத்துக்காகப் போராடியவர், கொசேய் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று 46 ஆண்டுகளாகக் குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மகள் இர்மாவுக்கு அப்போது நான்கு வயது.

இதைத் தெரிந்துகொண்டு 2013 நூலைப் படியுங்கள். ஊருக்குள் ராணுவம் நுழைவது, பெண்களின் உடல்மேல் நடந்த கொடுமை, காணாமல் போனவர்கள், அதற்குப் பிறகும் எழுந்து நிற்கிற மக்கள் என்று போகும் நூல். "அரசியல் அதிகம்" என்று சொன்னவருக்கு என் பதில் இதுதான்: அவர் அரசியலைத் தேடிப் போகவில்லை. அது வண்டியில் வந்து அவர் வீட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போனது.

காணாமல் ஆக்கப்படுவதில் ஒரு கொடுமை, துக்கத்துக்குத் தேதி இல்லாமல் போவது. இறந்தவருக்கு ஒன்பது சாண் மண் உண்டு. இவருக்கு அது இல்லை. 2008 நூலின் தலைப்பைப் பிப்ரவரியில் சொன்னபோது இதை நான் சேர்க்கவில்லை. இந்த நாளுக்காக வைத்திருந்தேன். கொடி புதைத்த முற்றத்திலிருந்து புதைகுழி வரை என்று ஒரு முழு வாழ்க்கையை அளந்து எழுதுகிறவரின் அப்பாவுக்கு அந்த இரண்டாவது முனை கிடைக்கவில்லை. அந்த நூலை நான் இதை நினைக்காமல் படித்ததே இல்லை.

நான் கோபுரத்தின் மேல் நின்று பார்த்த நிலம் என்று பிப்ரவரியில் எழுதினேனே, விக்தோர் யோதோவின் போராட்டம் அந்தச் சுற்றுவட்டாரத்து நிலங்களுக்காகத்தான். யார் உழுவது, யார் கையெழுத்துப் போடுவது என்ற சண்டை அன்று பண்ணையார்களோடு, இன்று காற்றாலைக் குத்தகையோடு. சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருந்த எனக்கு இது எளிதாகச் செரிக்கவில்லை. இன்னும் செரிக்கவில்லை.

12 ஜூலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்பாவின் கதை தெரிந்தால்தான் கவிதை பிடிக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கு முதலில் கவிதைதான் பிடித்தது, கதை பிறகு தெரிந்தது. ஒரு கவலையும் உண்டு: கதை தெரிந்த பிறகு எல்லா இல்லாமையையும் அப்பாவின் இல்லாமையாகவே படிக்கத் தோன்றும். 2007 நூலில் போனவர் வேலைக்காகப் போனவர். அந்த 36 கவிதைகளையும் விக்தோர் யோதோ மேல் ஏற்றிவிட்டால், வடக்கே கூலி வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களை நாமே மறுபடி காணாமல் ஆக்குகிறோம். என் வீட்டுக்கார அம்மாவின் மகன் உட்பட.

20 ஜூலை

2017 செப்டம்பர் 7 இரவு 8.2 அளவில் நிலநடுக்கம். ஹுச்சித்தானின் நகராட்சி மாளிகை ஒரு பக்கம் அப்படியே சரிந்தது, பண்பாட்டு இல்லம் கடுமையாகச் சேதமடைந்தது, ஓட்டு வீடுகள் தெரு தெருவாக விழுந்தன. நான் போனது அதற்குப் பிறகு. முற்றங்கள் இருந்தன, வீடுகள் இல்லை. தார்ப்பாய் கட்டி முற்றத்தில் தொத்தோப்போ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

3 ஆகஸ்ட்

ஆங்கிலத்தில் எதை வாங்குவது என்று கேட்டவருக்கு. வெண்டி கால் மொழிபெயர்ப்பில் இரண்டு இருக்கின்றன. 2022இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள், இந்த ஆண்டு வந்திருக்கும் 2007 நூலின் முழு மொழிபெயர்ப்பு. இரண்டாவதை வாங்குங்கள். மூன்று மொழியும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன, இரண்டு குரல்களின் கதை தொடர்ச்சியாக வருகிறது. தீஜஸா வரிகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சபோதெக் தொனி மொழி. குரல் ஏறுவதும் இறங்குவதும் பொருளை மாற்றும். நமக்கு அது வராது. வராவிட்டாலும் வரியின் நீளம், திரும்பி வரும் ஒலி, எங்கே மூச்சு நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். எதிர்ப்பக்கத்து ஸ்பானிஷ் வரி எங்கே நீள்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அங்கே ஏதோ சுற்றிப் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

17 ஆகஸ்ட்

முதல் கேள்வியைக் கேட்டவர் இப்போது வேறு கேள்வியோடு வந்திருக்கிறார்: 2007 நூலிலிருந்து சிலவற்றைத் தமிழில் கொண்டுவர விரும்புகிறார், எந்தப் பக்கத்திலிருந்து செய்வது?

ஸ்பானிஷ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அதுதான் உங்களுக்குத் தெரிந்த மொழி. ஆனால் அங்கேயே முடிக்காதீர்கள். "நோசோத்ரோஸ்" வருகிற இடத்தில் நாமா நாங்களா என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் லானு அல்லது 'னு' விகுதி இருக்கிறதா, லாது அல்லது 'து' இருக்கிறதா என்று பாருங்கள். மொழி தெரியாமலேயே பல இடங்களில் கண்டுபிடித்துவிடலாம். அவன், அவள் என்று எழுதப் போகும் இடத்தில் அங்கே வெறும் 'பே' இருந்தால், தமிழில் 'அவர்' போட்டு நிறுத்த முடியுமா என்று பாருங்கள். சில வரிகளில் முடியும். முடியாத இடங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். அங்கே தீஜஸா பேசுகிற ஒருவரைக் கேட்டாக வேண்டும், கவிஞரின் அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது.

முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஊர், காற்று, சாப்பாடு, சந்தை இதிலெல்லாம் நான் உதவுகிறேன்.